நூற்றிருபது நாட் கணக்கு

சென்ற கிழமை எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று கொப்பித் தாளில் நான்கு பக்கங்களுக்கு எழுதப்பட்டிருந்தது. எழுத்துக்கள் நெருங்கியிருந்தன; இரண்டோர் இடத்தில் மை கலைந்திருந்தது. எழுதியவர் கண்டிக்கு வடக்கே, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி அக்குறணை செல்லும் வீதியையொட்டிய சிற்றூர் ஒன்றில் வாழும் முஸ்லிம் மூதாட்டியார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாமென அவர் கேட்டிருக்கிறார். ஆயினும் அவர் எழுப்பியுள்ள வினா அவருடைய வீட்டோடு நின்றுவிடுவதன்று; ஆதலால் அதனை நேயர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

அவருடைய மகனின் மனைவி முதன்முறையாகக் கருவுற்றிருக்கிறாள். வயது 24. கிளினிக் அட்டையின்படி 20 வாரங்கள் சரியாக நிறைந்த அன்று ஸ்கேன் பரிசோதனைக்குச் சென்றார்கள். படத்தை நெடுநேரம் பார்த்த வைத்தியர், பிள்ளைக்கு மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் அமையவில்லை என்றும், உயிரோடு பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் தங்கும் என்றும் மெல்ல எடுத்துரைத்தார். அடுத்த சில நாட்களில் வேறொரு நிபுணரும் பார்த்து அதையே கூறினார்.

அன்று முதல் வீடு இரண்டுபட்டிருக்கிறது. மருமகளின் மாமா ஒருவர், “எங்கட மார்க்கத்தில் இதற்கு இடமிருக்கு, பேசாமல் எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுவோம்” என்கிறார். அயல்வீட்டு ஹாஜியார், “இப்படிக் கேட்பதே பாவம்” என்கிறார். இருவரும் ஊரில் மதிக்கப்படுவோர். இருவரும் அந்தப் பெண்ணின் மேல் அன்புள்ளவர்கள். இவர்களுள் யார் சொல்வதைக் கேட்பது என்பது மூதாட்டியாரின் வினா.

வினாவை அடுத்து வருவது ஒரு வாக்குமூலம். 12ஆம் வாரமளவில் ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளும்படி முன்னரே சொல்லியிருந்தார்களாம். “வயிற்றுப் பிள்ளைக்கு அந்தக் கதிர் ஆகாது” என்று தடுத்தவர் தாமே என்று எழுதுகிறார். மை கலைந்திருந்த இடங்களுள் ஒன்று அதுவாகும். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் வேறொரு சிறு கேள்வியும் இருக்கிறது. அதனை இறுதியில் எடுத்துக்கொள்வோம்.

சமையற் குறிப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் மறுமொழி எழுதிப் பழகிய எமது பேனா இக்கடிதத்தின் முன் இரண்டு நாட்கள் அசையவில்லை. நாம் மார்க்கத் தீர்ப்பு வழங்குவோர் அல்லோம். அதற்குரிய ஆலிம்கள் கண்டியிலும் அக்குறணையிலும் மடவளையிலும் கம்பளையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகுமுன் எதைக் கேட்கவேண்டும் என்பதைத் தெளிந்துகொள்வதற்கு மட்டும் இக்கட்டுரை உதவலாம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாமாவின் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. ஹாஜியாரின் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. இரு பாதிகளுக்கும் நடுவில் இருப்பது ஒரு நாட்கணக்கு.

திருக்குர்ஆனின் 23ஆம் அத்தியாயம் மனிதப் படைப்பைப் படிமுறையாக விவரிக்கிறது: துளியாகவும், பின் ஒட்டிக்கொள்ளும் உறைவாகவும், தசைக்கட்டியாகவும், அதன்பின் எலும்பாகவும் அதனைப் போர்த்த தசையாகவும் வளர்ந்து, முடிவில் வேறொரு படைப்பாகவே ஆக்கப்படுகிறது என்பது அதன் கருத்து. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறும், இப்னு மஸ்ஊத் அவர்கள் அறிவித்த ஹதீஸ் இப்படிகளுக்கு நாற்பது நாற்பதாக நாட்கணக்குக் கூறி, பின்னர் வானவர் வந்து உயிரை ஊதுவதாகச் சொல்கிறது. மூன்று நாற்பதுகள் 120 நாட்கள். முஸ்லிம் தொகுப்பிலுள்ள வேறொரு ஹதீஸோ 42 இரவுகள் கழிந்ததும் வானவர் வருவதைக் குறிப்பிடுகிறது. இந்த இரண்டையும் ஒத்திசைத்துப் பார்ப்பதில்தான் அறிஞரிடையே கருத்து வேறுபாடு தோன்றிற்று.

120 நாட்களின் பின் கருவிலுள்ளது உயிர் ஊதப்பட்ட மனிதப் பிறவி என்பதில் நான்கு மத்ஹபினரும் ஒன்றுபடுகின்றனர். அதற்கு முந்திய காலத்தைப் பற்றித்தான் வேறுபாடு. ஹனபி அறிஞருட் பலர் தக்க காரணமிருப்பின் அக்காலத்தில் இடங்கொடுத்தனர். மாலிக்கி அறிஞருட் பெரும்பாலோர் தொடக்கத்திலிருந்தே மறுத்தனர். ஹன்பலி அறிஞருட் பலர் 40 நாட்களை எல்லையாகக் கொண்டனர். இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபியீ மத்ஹபினுள்ளேயே இரு போக்குகள் உண்டு. 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தமது இஹ்யாவில், கருத்தரிக்காமல் தடுப்பது வேறு, தரித்த கருவைக் கலைப்பது வேறு என்று பிரித்துக் காட்டி, பின்னையது தொடக்கத்திலேயே குற்றமென்றும், கரு வளர வளர அக்குற்றமும் வளர்கிறதென்றும் எழுதினார். ஹாஜியாரின் பக்கம் அத்துணைப் பெரிய அறிஞர் நிற்கிறார் என்பதை மாமா அறிந்துகொள்வது நன்று.

இங்கு மாணவ நேயர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தப் பழைய நூல்களில் கருக்கலைப்புக்குரிய காரணங்கள் பேசப்படுகின்றன. கைக்குழந்தை பாலுண்ணும் காலத்தில் தாய் மீண்டும் கருவுற்றுப் பால் வற்றிவிட, வேறொருத்தியைப் பாலூட்ட அமர்த்தத் தந்தைக்கு வசதியில்லாத நிலையை ஹனபி நூல்கள் உதாரணமாகக் காட்டுகின்றன. ஆனால் கருவிலுள்ள பிள்ளைக்குப் பெருங்குறை இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியே அந்நூல்களில் எழவில்லை. எழ இடமுமில்லை, பிறக்கும் வரை அதனைக் கண்டவர் யாருமிலர். 1958ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் இயன் டொனால்ட் ஒலியலைகளைக் கொண்டு வயிற்றினுள்ளே படம்பிடித்துக் காட்டியதும், பின்னர் அக்கருவி நாடெங்கும் பரவியதுமே இக்கேள்வியைப் பிறப்பித்தன. ஆகவே, “கேட்பதே பாவம்” என்பதை நாம் ஏற்கவில்லை. உலகின் பெரிய மார்க்க அறிஞர்கள் கூடியமர்ந்து கேட்ட கேள்வி இது.

ராபிதா எனப்படும் உலக முஸ்லிம் லீக்கின் பிக்ஹு சபை 1990ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மக்காவில் நடத்திய 12ஆவது அமர்வில் இப்பொருளை எடுத்து முடிவுகண்டது. கரு 120 நாட்களை அடைந்துவிட்டால், அதற்குக் குறை இருப்பதாக வைத்தியம் கூறினும் கலைக்கலாகாது; நம்பிக்கைக்குரிய நிபுணர் குழு, கருவைத் தொடர்வது தாயின் உயிருக்கே ஆபத்து என்று உறுதிசெய்தால் மட்டும் விலக்கு. 120 நாட்களுக்கு முன்னாயின், கருவின் குறை கடுமையானது, சிகிச்சைக்கு அடங்காதது, பிறந்தால் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் பெருந்துன்பமாகவே முடியும் என்பதை நம்பகமான வைத்தியர் குழு கருவிகளின் துணையுடன் நிறுவுமானால், பெற்றோர் வேண்டிக்கொள்ளும் பட்சத்தில் கலைப்பதற்கு அனுமதியுண்டு. இதுவே அம்முடிவின் சாரம். வேண்டுவோர் பெற்றோர் என்பதை நேயர்கள் மனத்தில் வைத்திருக்கவேண்டும். மாமாவுக்கும் மாமியாருக்கும் அயல்வீட்டாருக்கும் அதில் இடமில்லை.

எல்லா நாட்டு அறிஞரும் இதே எல்லையைக் கொண்டாரல்லர். இந்தோனேசிய உலமா சபை 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட பத்வா, தீர்க்க முடியாத பிறவிக் குறையை ஒரு காரணமாக ஏற்றது. ஆனால் எல்லையை 40 நாட்களாக்கியது. ஈரானில் அதே 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மூன்று நிபுணர்களின் முடிவும் சட்ட வைத்தியத் துறையின் உறுதியும் தாயின் சம்மதமும் இருப்பின் நான்கு மாதத்துக்குள் அனுமதித்தது. 2021ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம் அந்த வழியை இறுக்கிவிட்டது.

இனி அந்த நாட்கணக்குக்கு வருவோம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் படித்தவர்களே தவறவிடும் கணக்கு இது.

மார்க்க அறிஞர் கூறும் நாட்கள் கருத்தரித்த பொழுதிலிருந்து எண்ணப்படுவன. கிளினிக்கில் எண்ணும் வாரங்களோ கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுவன. பொதுவாக இரண்டுக்குமிடையே 14 நாட்கள் வித்தியாசம். ஆகவே 120 நாட்கள் என்பது கிளினிக் அட்டையில் 134 நாட்கள், அதாவது 19 வாரமும் ஒரு நாளும். 40 நாட்கள் என்பது 54 நாட்கள், அதாவது எட்டாவது வாரம் நிறைவதற்கும் முன்பு. எட்டாம் வாரத்துக்குள் ஸ்கேன் கருவி இதயத்துடிப்பைக் காட்டும். மண்டையோடு அமைந்ததா என்பதைக் காட்டாது. நஞ்சுக்கொடியிலிருந்து துணுக்கெடுத்துச் செய்யும் பரிசோதனையும் 11ஆம் வாரமளவிலேதான் தொடங்கும். ஆதலால் 40 நாள் எல்லையைக் கொள்வோருக்கு இக்காரணத்துக்கான அனுமதி ஏட்டில் இருப்பினும் நடைமுறையில் பெரும்பாலும் இல்லையென்றே கொள்ளவேண்டும்.

120 நாட்களைக் கொள்வோர் நிலையும் அத்துணை விசாலமானதன்று. உறுப்புறுப்பாகப் பார்க்கும் பெரிய ஸ்கேன் பொதுவாக 18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யப்படுவது. எல்லையோ 19 வாரமும் ஒரு நாளும். குறை கண்டு, இரண்டாம் நிபுணரைக் கண்டு, வீட்டார் ஒருவரையொருவர் பார்த்து அழுது, ஆலிமைத் தேடிப்போய்க் கேட்பதற்குள் எல்லை கடந்துவிடும். எமக்குக் கடிதம் எழுதிய அம்மையாரின் வீட்டில் ஸ்கேன் பார்த்த அன்று 140ஆம் நாள். பதினான்கைக் கழித்தால் 126. கணக்கு ஆறு நாட்களால் தவறியிருந்தது.

கருத்தரித்த நாள் சிலருக்கு முன்பின்னாக இருக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் அதனைத் திருத்தமாகச் சொல்லும். அந்த ஸ்கேன் இவ்வீட்டில் எடுக்கப்படவில்லை. எஞ்சியிருப்பது அட்டையின் கணக்கு மட்டுமே. அதன்படி பார்த்தால், மாமா சொல்லும் இடம் மார்க்கத்தில் இருந்தது உண்மை. ஆனால் இப்பொழுது அது கடந்துபோயிற்று. மக்கா முடிவைப் பின்பற்றும் எந்த ஆலிமும், தாயின் உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி, இனி அனுமதி கூறுவதற்கில்லை.

இவ்வளவும் மார்க்கத்தின் பக்கம். நாட்டின் சட்டம் வேறு.

எமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. அதன் 303ஆம் பிரிவும் அதனையடுத்த பிரிவுகளும் கருக்கலைப்பைக் குற்றமாக்குகின்றன. தாயின் உயிரைக் காக்கும் நன்னோக்கத்தோடு செய்வது ஒன்றுதான் விலக்கு. மற்றபடி மூன்றாண்டு வரை சிறை. பிள்ளை அசைவு கண்ட பின்னராயின் ஏழாண்டு வரை. இக்குற்றம் செய்து கொடுப்பவரோடு நிற்பதன்று. கலைத்துக்கொள்ளும் பெண்ணையும் சாரும். அசைவு கண்ட பின் தண்டனை கூடுகிறது என்பதைப் பாருங்கள். பழைய ஆங்கிலச் சட்டத்தாரும் நான்கு ஐந்து மாதமளவில் ஒரு கோடு கிழித்தே வைத்திருந்தனர். வெவ்வேறு வழியே வந்த இரு மரபுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்று யோசித்திருக்கின்றன என்பது எமக்கு வியப்பளித்தது.

“எங்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறதே” என்று சிலர் கூறக்கூடும். முஸ்லிம்களுக்கான 1951ஆம் ஆண்டுச் சட்டம் விவாகத்தையும் விவாகரத்தையும் பற்றியது. காதி நீதிமன்றத்துக்கு இப்பொருளில் அதிகாரமில்லை. தண்டனைச் சட்டக்கோவை சிங்களவருக்கும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பறங்கியருக்கும் ஒன்றே.

இச்சட்டத்தைத் தளர்த்தும் முயற்சிகள் நடவாமலில்லை. 1995ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத் திருத்தம் பாராளுமன்றத்துக்கு வந்தபொழுது, பலாத்காரத்தால் வந்த கருவுக்கும் பெருங்குறையுள்ள கருவுக்கும் விலக்களிக்கும் பிரிவு எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2017ஆம் ஆண்டில், நீதியரசர் அலுவிகாரை தலைமையிலான குழுவின் பரிந்துரையையடுத்து, அதே நோக்கமுடைய முயற்சி அமைச்சரவை வரை சென்றது, கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர், அதுவும் சட்டமாகவில்லை. கடலுக்கு அப்பால், கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ இதே நிலை ஒரு குடும்பத்துக்கு வந்தால் கதை வேறு. இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும், பெருங்குறை இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் 24 வாரத்துக்குப் பின்னும் அனுமதிக்கின்றன. அங்கே சட்டம் திறந்திருக்க, அக்குடும்பம் தன் மார்க்கத்தை நோக்கி எல்லையைத் தானே அறியவேண்டும். இங்கேயோ மார்க்கம் இடங்கொடுத்த நாட்களிலும் சட்டம் இடங்கொடுப்பதில்லை.

எமது கருத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஸ்கேன் என்பதே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட சட்டத்தை, எவ்வகையிலும் வாழமுடியாதெனத் தெளிவாகக் காணக்கூடிய கருவின் விடயத்தில் மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது தவறாகாது. நிபுணர் குழு, சிகிச்சைக்கு அடங்காத கடுமை, பெற்றோரின் வேண்டுகோள், கால எல்லை என்று மக்காவில் கூடிய அறிஞர் போட்ட வேலி நன்கு யோசித்துப் போடப்பட்டது. சட்டம் செய்வோரும் அதனைப் பார்க்கலாம். எதிர்ப்போரின் அச்சத்தையும் நாம் இலேசாக எண்ணவில்லை. வாழக்கூடிய பிள்ளையை, சற்று மந்தமாக வளரும், ஒரு கை குறைவாக இருக்கும் என்று சொல்லி நீக்கும் வழக்கம் அதன் பின்னே வந்துவிடக்கூடாது என்பது அவர்களது கவலை. அது நியாயமான கவலையே. ஸ்கேன் படத்தைப் பார்த்து அதிர்ந்துபோயிருக்கும் குடும்பத்துக்கு இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு அந்நேரத்தில் புலப்படுவதில்லை. அதனாலேயே வைத்தியர் ஒருவருக்கு இருவராகப் பார்க்கவேண்டுமென்கிறார்கள்.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. “எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்” என்று நீங்கள் சொன்ன அந்த ‘எங்கேயாவது’ யாரும் பெயர்ப் பலகை மாட்டாத இடமாக இருக்கும். ஐந்து மாதம் கடந்த கருவை அத்தகைய இடத்தில் கலைக்க முயன்றால் இரத்தப்பெருக்கினாலும் கிருமித் தொற்றினாலும் உயிர் போகலாம். மார்க்கம் காப்பாற்றச் சொன்ன தாயையே அவ்விடத்தில் இழக்க நேரும். எந்தப் பெண்ணாவது ஏற்கெனவே அத்தகைய இடத்துக்குப் போய்க் காய்ச்சலோ இரத்தப்போக்கோ கண்டிருந்தால், பயந்து வீட்டில் ஒளிந்திராமல் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அவளுக்குச் சிகிச்சை அளிப்பது வைத்தியர்களின் கடமை.

இனி, தாயே, உங்களுடைய வாக்குமூலத்துக்கு.

முதலாவது, ஸ்கேன் கதிர் அன்று. காது கேளாத உயர்ந்த ஒலியலை அது, எக்ஸ்ரே போன்றதன்று. கண்டி மன்னர்களின் அரண்மனையில் முஸ்லிம் வைத்தியர்கள் பணிபுரிந்த வரலாறுடைய மலைநாட்டு முஸ்லிம்களுக்கு வைத்தியக் கருவியைக் கண்டு அஞ்சுவது பரம்பரை வழக்கமன்று. இடையிலே யாரோ சொல்லி ஒட்டிக்கொண்ட பயம். இரண்டாவது, உங்கள் சொல்லால் பிள்ளைக்கு இக்குறை வரவில்லை. மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ளவேண்டும். அதன் மேல்முனை மூடாமற்போவதே இந்நோய். அந்நாளில் உங்கள் மருமகளுக்குத் தான் கருவுற்றிருப்பதே உறுதியாகத் தெரிந்திராது. மூன்றாவது, 12ஆம் வாரத்திலேயே கண்டிருந்தாலும், இந்நாட்டுச் சட்டப்படி செய்யக்கூடியது வேறெதுவும் இருந்திராது. ஆகவே அந்தப் பழியை முழுதாகத் தூக்கிச் சுமக்கவேண்டாம். முன்னரே தெரிந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு மனந்தேற இன்னும் எட்டு வாரங்கள் கிடைத்திருக்கும். அவ்வளவுதான் நட்டம். அதனைச் சிறிதென்றும் நாம் சொல்லவில்லை.

நான்கு பக்கக் கடிதத்தில் மாமா சொன்னது இருக்கிறது. ஹாஜியார் சொன்னது இருக்கிறது. உங்கள் மகன் வேலைக்குப் போகாமல் இருப்பது இருக்கிறது. மருமகள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் யாரேனும் கேட்டார்களா? கேட்கும்பொழுது கூட்டமாகப் போய்க் கேட்கவேண்டாம். ஒரு மாலைப்பொழுதில் நீங்கள் மட்டும் பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். நீங்கள் எமக்கு எழுதிய வாக்குமூலத்தை அவளிடமும் சொல்லுங்கள்.

கண்டியிலும் பேராதனையிலும் பெரிய அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன. மகப்பேற்று நிபுணரின் கண்காணிப்பை விட்டு விலகவேண்டாம். “பிள்ளை வாழாதுதானே, கிளினிக் எதற்கு?” என்று நின்றுவிடுவோர் உண்டு, அது பெருந்தவறு. இத்தகைய கருவில் பனிக்குட நீர் மிதமிஞ்சிச் சேர்வதுண்டு. பிரசவம் நாள் கடந்து போவதுமுண்டு. இரண்டையும் வைத்தியர் பார்த்துக்கொள்ளவேண்டும். தாயின் உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் அங்கே சட்டமும் திறக்கிறது, மார்க்கமும் திறக்கிறது. 1958 முதல் 1963 வரை அல்-அஸ்ஹரின் தலைவராயிருந்த ஷெய்க் மஹ்மூத் ஷல்தூத், தாயே மூலம், சிசு அவளிலிருந்து வருவது, ஆதலால் உயிர் ஊதப்பட்ட பின்னும் தாயைக் காப்பதே முந்தியது என்று விளக்கியிருக்கிறார். அந்நேரத்தில் வைத்தியர் முடிவெடுத்தால் வீட்டார் குறுக்கே நிற்கவேண்டாம்.

அடுத்த பிள்ளையைப் பற்றி இப்பொழுது பேசுவது கொடுமையாகத் தோன்றும். ஆயினும் இதனை வாசிக்கும் ஏனைய இளங்குடும்பத்தாருக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது. நரம்புக் குழாய்க் குறையைப் பெருமளவு தடுக்கும் மருந்து ஒன்று உண்டு. போலிக் அமில மாத்திரை. இக்குறையுள்ள பிள்ளையை முன்னர் பெற்ற தாய்மாரைக் கொண்டு பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை நடத்தி 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அம்மாத்திரை எடுத்தோரிடத்தில் குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. பொதுவாக நாளொன்றுக்கு 400 மைக்கிரோகிராம் போதும். முன்னர் இக்குறை கண்ட தாய்க்கு வைத்தியர்கள் 5 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். ஆனால் கரு தங்கியது தெரிந்தபின் தொடங்கினால் அந்த 28 நாட்கள் கடந்துவிடும். தங்குவதற்கு முன்பே தொடங்கவேண்டும். கலியாணம் முடிந்ததும் பகுதிக் குடும்பநல மருத்துவ மாதுவிடம் பதிந்துகொண்டால் அவரே வழிகாட்டுவார்.

இரத்த உறவில் மணம் முடிப்போருக்கு இன்னொன்று. மச்சானை மச்சாள் மணப்பது நம்மவரிடையே, தமிழரிலும் முஸ்லிம்களிலும், பழகிய வழக்கம். தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோயின் கூறு இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய்ப் பிள்ளை பிறக்கக்கூடும். இரத்தம் ஏற்றி ஏற்றியே வளர்க்கவேண்டிய பிள்ளை அது. ஆனால் சிகிச்சையோடு வாழக்கூடிய பிள்ளை, ஆதலால் மேலே சொன்ன அனுமதியை அதற்கு எடுத்துக் காட்டுவது எளிதன்று. கலியாணத்துக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் அந்தக் கேள்வியே எழாது. குருநாகலில் தலசீமியாவுக்கெனவே நிலையம் இருக்கிறது. ஜாதகத்தை மூன்று பேரிடம் காட்டும் குடும்பங்கள் இரத்தத்தை ஓரிடத்திலாவது காட்டலாம்.

பிள்ளை பிறக்கும் நாளைப் பற்றியும் அம்மையார் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அன்றைக்கு ஆளுக்கொரு பேச்சாகிவிடக்கூடாது. உயிரோடு பிறந்து பின் மறையுமாயின், பெரியவர்களுக்குச் செய்வதுபோலவே குளிப்பாட்டல், கபன், தொழுகை, அடக்கம் அனைத்தும் உண்டு. உயிரின்றிப் பிறந்தால், நான்கு மாதம் கடந்த பிள்ளையாதலால் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்குவது ஷாபியீ மத்ஹபின் வழி. தொழுகையில் மட்டும் மத்ஹபுகள் வேறுபடும். பெயர் வைப்பதும் விரும்பத்தக்கதென்பர். சில நிமிடங்களே உயிரிருந்தாலும் தகப்பன் காதில் பாங்கு சொல்லலாம். அதற்காக உங்கள் மகன் பிரசவ அறையின் வாயிலுக்கு அண்மையில் நிற்க அனுமதி கிடைக்குமா என்று வைத்தியசாலையில் இப்போதே கேட்டு வைக்கட்டும்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிய சிறு கேள்வி இதுதான்: “பிள்ளைக்கென்று வெள்ளைச் சீலையில் ஆறு சட்டை வெட்டி வைத்தேன். நான்கு தைத்து முடிந்தது. மற்ற இரண்டையும் தைப்பதா, வேண்டாமா?”

தையுங்கள், தாயே. மிஞ்சும் துணியில் ஒரு சிறு தொப்பியும் தைத்து, வைத்தியசாலைப் பையில் முதலில் கைக்கு அகப்படும்படி மேலே வையுங்கள். பிள்ளையைத் தாயிடம் கொடுக்குமுன் தாதிமார் அதனைத் தலையில் அணிவித்துக் கொடுப்பார்கள். மென்மையான துணியாக இருக்கட்டும். காதை மூடுமளவுக்குச் சற்று ஆழமாக வெட்டுங்கள்.